குதிரையை நம்பிய அரசர்களும் சரணடையச் சொன்ன தீர்க்கதரிசியும்

எபிரெய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் நூல்களில், படையை நம்பாதே, கடவுளை நம்பு என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதே நூல்களில் இஸ்ரவேலர் வாளெடுத்துச் சண்டை போடுகிறார்கள், மதில் கட்டுகிறார்கள், ஒற்றர்களை அனுப்புகிறார்கள். இது முரண்பாடு இல்லையா? கடவுளுக்குக் கீழ்ப்படிந்தால் போரில் ஜெயம் நிச்சயம் என்றுதானே இந்தக் கதைகள் சொல்ல வருகின்றன? கேள்வி இதுதான்.

ஜெயம் நிச்சயம் என்று அவை சொல்லவில்லை என்பதுதான் என் பதில், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நூல்களில் கீழ்ப்படிதல் என்ற பேச்சு வரும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒரு அரசன் அன்றைக்கே ஒரு முடிவெடுத்தாக வேண்டிய இடமாக இருக்கும். குதிரை வாங்கலாமா, எந்த வல்லரசுக்குக் கப்பம் கட்டலாம், அடிமைகளை விடுவிக்கலாமா, கோட்டைக் கதவைத் திறந்து எதிரியிடம் சரணடையலாமா, இப்படிப்பட்ட கேள்விகள். சில இடங்களில் கீழ்ப்படிந்தவன் ஜெயிக்கிறான். ஒரு இடத்தில் கீழ்ப்படிவது என்பதே தோல்வியை ஒப்புக்கொள்வதாக இருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு கிதியோனையும் தாவீதையும் மட்டும் படித்தால் இந்த விஷயம் பாதிதான் புரியும்.

முதலில் குதிரை. அந்தக் காலத்தில் போர்க்குதிரை என்றால் இரதத்தோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும், அன்றைய உலகின் மிக விலையுயர்ந்த ஆயுதம் அது. இரதம் ஓடச் சமவெளி வேண்டும், பராமரிக்கத் தச்சர்களும் கொல்லர்களும் லாயங்களும் தீவனமும் வேண்டும், ஓட்டப் பல வருடம் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். மலைப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கோத்திரங்களிடம் இது எதுவும் கிடையாது. நியாயாதிபதிகள் நூலின் முதல் அதிகாரத்திலேயே ஒரு நேர்மையான வசனம் இருக்கிறது: கர்த்தர் யூதாவோடே இருந்தார், மலைநாட்டைப் பிடித்தார்கள், ஆனால் பள்ளத்தாக்கில் இருந்தவர்களிடம் இரும்பு இரதங்கள் இருந்ததால் அவர்களைத் துரத்த முடியவில்லை. கடவுள் கூட இருந்தார் என்றும் சொல்கிறது, முடியவில்லை என்றும் சொல்கிறது. இதை எழுதியவர்களுக்கு ஆயுத பலம் என்னவென்று நன்றாகத் தெரியும். இஸ்ரவேலின் முதல் அரசன் சவுலின் காலத்தில் இஸ்ரவேல் தேசமெங்கும் ஒரு கொல்லன்கூட இல்லை, கடலோரத்து எதிரிகளான பெலிஸ்தர் அனுமதிக்கவில்லை, கோடரியைத் தீட்டவும் பெலிஸ்தரிடம்தான் போகவேண்டும், யுத்தநாளில் சவுலுக்கும் அவன் மகன் யோனத்தானுக்கும் மட்டுமே பட்டயம், அதாவது வாள், இருந்தது என்று 1 சாமுவேல் 13 சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில்தான் யோனத்தான், அநேகம்பேரைக் கொண்டானாலும் கொஞ்சம்பேரைக் கொண்டானாலும் இரட்சிக்கக் கர்த்தருக்குத் தடையில்லை என்கிறான். கையில் ஒன்றுமில்லாத மக்கள் பேசிய பேச்சு அது. பிற்காலத்தில் பெரிய படையை வைத்துக்கொண்டு அதே வசனத்தைச் சொன்னவர்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கையில் ஒன்றுமில்லாதபோது கடவுளை நம்புவதில் கடினம் எதுவும் இல்லை, வேறு வழியும் இல்லை. வாங்கக் காசு வந்த பிறகுதான் சிக்கல். அதனால்தான் உபாகமம் 17-ஆம் அதிகாரம் அரசனுக்குப் போடும் கட்டுப்பாடுகளில் முதலாவது குதிரையைப் பற்றியது. அவன் அநேகம் குதிரைகளைச் சம்பாதிக்கக் கூடாது, அதற்காக ஜனங்களைத் திரும்ப எகிப்துக்குப் போகப்பண்ணவும் கூடாது. அநேகம் மனைவிகள் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. செய்யவேண்டியது என்ன? இந்த நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தை, பிரதியெடுத்து வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும், தன் சகோதரர்களுக்கு மேலாகத் தன்னை உயர்த்திக்கொள்ளாதபடிக்கு. அண்டை நாடுகளின் அரசர்கள் தங்கள் வெற்றிகளைக் கல்லில் வெட்டிவைத்த காலத்தில், ஒரு சட்டநூல் தன் அரசனைப் பார்த்து உட்கார்ந்து வாசி என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

குதிரைக்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு சாலொமோன் கதை பதில் சொல்லும். 1 இராஜாக்கள் 10-இல் அவனுக்கு 1,400 இரதங்களும் 12,000 குதிரைவீரரும் இருந்தார்கள், குதிரைகள் எகிப்திலிருந்து வந்தன, ஒரு இரதத்தின் விலை 600 சேக்கல் எடை வெள்ளி, ஒரு குதிரை 150 என்று விலைப்பட்டியலே இருக்கிறது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இரதங்கள் இருக்கும் பட்டணங்களையும் குதிரைவீரர் இருக்கும் பட்டணங்களையும் கட்ட ஆட்கள் யார்? அரசன் வேண்டும் என்று ஜனங்கள் கேட்ட அன்றைக்கே தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரித்திருந்தார்: உங்கள் குமாரரை எடுத்துத் தன் இரதசாரதிகளாக வைத்துக்கொள்வான், இரதங்களுக்கு முன் ஓடச்செய்வான், உங்கள் வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் எடுத்துத் தன் ஊழியக்காரருக்குக் கொடுப்பான், நீங்கள் அவனுக்கு வேலையாட்களாவீர்கள். சாலொமோன் செத்ததும் ஜனங்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் வந்து முதலில் கேட்டது, உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை இலகுவாக்கும் என்பதைத்தான். அவன் மறுத்தான், பத்துக் கோத்திரங்கள் பிரிந்து வடக்கே இஸ்ரவேல் என்ற தனி நாடாயின, தெற்கே யூதா மிஞ்சியது. கட்டாய வேலை வாங்கும் அதிகாரியை அவன் அனுப்பியபோது ஜனங்கள் அந்த அதிகாரியைக் கல்லெறிந்து கொன்றார்கள். இதையெல்லாம் சேர்த்துப் படித்தால், குதிரையைச் சேர்க்காதே என்பது வெறும் ஆன்மிக அறிவுரை இல்லை என்று தெரியும். இரதப்படை வைத்திருக்கும் அரசன் வெளிநாட்டைச் சார்ந்திருக்கிறான், அந்தச் செலவைத் தன் சொந்த ஜனங்கள் தலையில் கட்டுகிறான். எகிப்தில் பார்வோனுக்குச் செங்கல் அறுத்த ஜனம், எருசலேமில் இன்னொரு பார்வோனைப் பார்க்கிறது.

ஆகாப் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கி.மு. 853-இல் கர்க்கார் என்ற இடத்தில் அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசாரை எதிர்த்து சிரியா, பாலஸ்தீனப் பகுதி அரசர்கள் கூட்டாகப் போரிட்டார்கள். சல்மனாசாரின் கல்வெட்டில் இஸ்ரவேல் அரசன் ஆகாப் 2,000 இரதங்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்தான் என்று இருக்கிறது. கூட்டணியில் மிகப் பெரிய இரதப்படை அவனுடையதுதான். வேதத்தில் இந்தப் போரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆகாப்பைப் பற்றி வேதம் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கிச் சொல்வது, நாபோத் என்ற ஒரு குடிமகனின் திராட்சத்தோட்டத்தை அவன் எப்படிப் பறித்துக்கொண்டான் என்பதை. பொய்ச்சாட்சி வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொன்ற கதை. ஒரு அரசனை எதை வைத்து அளப்பது என்பதில் இந்த நூல் எடுத்துக்கொண்ட நிலைப்பாடு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் இல்லை என்பேன்.

அரசர்களுக்கு முந்தைய காலத்துப் படைத்தலைவன் கிதியோனை எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. 32,000 பேர் வந்தார்கள், பயப்படுகிறவன் திரும்பிப் போகலாம் என்றதும் 22,000 பேர் போனார்கள், மிச்சம் 10,000, அதிலும் தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பார்த்து 300 பேர். காரணத்தை வசனமே சொல்லிவிடுகிறது: என் கையே என்னை இரட்சித்தது என்று இஸ்ரவேல் வீம்பு பேசாதபடிக்கு. ஞாயிறு பள்ளியில் கதை இங்கே முடிந்துவிடும், ஆனால் புத்தகத்தில் முடியவில்லை. ஜெயித்த கிதியோன், அரசனாக இரு என்று ஜனங்கள் கேட்டபோது மறுக்கிறான், அடுத்த மூச்சிலேயே கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களைக் கேட்டு வாங்கி, 1,700 சேக்கல் பொன்னில் ஒரு ஏபோத்தை, அதாவது ஆசாரியர் அணியும் மேலாடை போன்ற ஒன்றை, செய்து தன் ஊரில் வைக்கிறான், அதுவே அவன் வீட்டுக்குக் கண்ணியாகிறது. அவன் மகன் அபிமெலேக்கு தப்பிய ஒருவனைத் தவிர சகோதரர்களையெல்லாம் கொன்றுவிட்டு அரசனாகிறான். 300 பேரோடு ஜெயித்ததாலேயே ஒருவன் சரியானவன் ஆகிவிடவில்லை.

பயப்படுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்பது கிதியோனுக்காகச் சொல்லப்பட்ட தனி விதி இல்லை, உபாகமம் 20-இல் பொதுவாகவே இருக்கிறது. புது வீடு கட்டிக் குடிபோகாதவன், திராட்சத்தோட்டம் நாட்டி இன்னும் அனுபவிக்காதவன், பெண் நிச்சயம் செய்து இன்னும் கல்யாணம் முடிக்காதவன், மனத்திடன் இல்லாதவன், எல்லாரும் திரும்பிப் போகலாம். எந்தச் சேனாபதி இப்படி ஒரு அறிவிப்பைக் கொடுத்துவிட்டுப் போருக்குப் போவான்? ஆனால் படையின் அளவுதான் எல்லாம் என்று நினைக்காத ஒரு சமூகத்தால் மட்டுமே, முதலில் உன் வீட்டில் குடியிரு என்று ஒருவனிடம் சொல்ல முடியும். கடவுளை நம்புவது இங்கே சாதாரண மனிதனின் வாழ்க்கைக்கு இடம் கொடுப்பதாக மாறுகிறது.

இனி, நம்பிக்கையையே ஆயுதமாக்க முயன்றவர்களைப் பார்க்க வேண்டும். 1 சாமுவேல் 4-இல் பெலிஸ்தரிடம் ஒரு போரில் 4,000 பேரை இழந்ததும், மூப்பர்கள் ஒரு யோசனை சொல்கிறார்கள்: சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவருவோம், அது நம்மை இரட்சிக்கும். கடவுளின் கட்டளைப் பலகைகள் இருந்த அந்தப் பெட்டி வந்தது, பாளயம் முழுக்க பூமி அதிரும்படி ஆர்ப்பரித்தார்கள், பெலிஸ்தரும் நடுங்கினார்கள். அப்புறம் என்ன நடந்தது? 30,000 பேர் செத்தார்கள், பெட்டியே பறிபோனது, சீலோவின் ஆசாரியர் ஏலியின் இரண்டு குமாரரும் மாண்டார்கள், செய்தி கேட்ட ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து இறந்தார். அந்தக் குமாரர்கள்தான் பலிகொண்டு வந்தவர்களிடம் இறைச்சியைப் பலவந்தமாகப் பிடுங்கினவர்கள், ஆசரிப்புக் கூடார வாசலில் சேவைசெய்த பெண்களிடம் தவறாக நடந்தவர்கள் என்று இரண்டு அதிகாரம் முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. பெட்டியைத் தூக்கி வந்ததும் அவர்களே. இந்த அதிகாரத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தவர், கீழ்ப்படிந்தால் ஜெயம் என்பதைச் சூத்திரமாகச் சொல்லத் தயங்குவார்.

அதே போலத்தான் ஆகாப் ராமோத் போருக்குப் போகுமுன் கேட்ட ஆலோசனையும். ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் போ, ஜெயம் உனக்கே என்றார்கள். மிகாயா என்ற ஒருவர் மட்டும், இஸ்ரவேலர் மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல மலைகளில் சிதறியிருக்கக் கண்டேன் என்றார். மிகாயாவைச் சிறையில் போட்டார்கள். ஆகாப் செத்தான். கடவுள் நம் பக்கம் என்று 400 பேர் சொல்வதும் கடவுளை நம்புவதும் வேறு வேறு.

இப்போது இந்த விஷயத்தின் நடுமையத்துக்கு வருகிறேன், எருசலேமின் தீர்க்கதரிசி ஏசாயாவின் காலம். கி.மு. 735-ஐ ஒட்டி, சிரியாவின் ரேத்சீனும் வடக்கு இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேமை முற்றுகையிட வருகிறார்கள். யூதாவின் அரசன் ஆகாஸின் இருதயம் காட்டிலுள்ள மரங்கள் காற்றினால் அசைவதுபோல அசைந்தது என்கிறது ஏசாயா 7. அவன் மேல்குளத்து வாய்க்கால் பக்கம், வண்ணார்துறைக்குப் போகும் வழியில் நிற்கிறான், முற்றுகைக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்கப் போயிருக்க வேண்டும். ஏசாயா தன் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போய், பயப்படாதே, அந்த இரண்டு பேரும் புகைகிற கொள்ளிக்கட்டைகள் என்கிறார். விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள் என்கிறார். ஒரு அடையாளம் கேள் என்கிறார். ஆகாஸ், நான் கேட்கமாட்டேன், கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன் என்று பக்தியாகப் பதில் சொல்கிறான். ஏன் கேட்கமாட்டான் என்றால் அவனுக்கு வேறு திட்டம் இருந்தது. ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் அள்ளி அசீரிய அரசன் திக்லாத்பிலேசருக்கு அனுப்பி, நான் உம்முடைய அடியானும் குமாரனுமாயிருக்கிறேன், வந்து காப்பாற்றும் என்று கேட்டான்.

அரசியலாகப் பார்த்தால் அது வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். கி.மு. 732-இல் அசீரியா தமஸ்குவைப் பிடித்தது, ரேத்சீன் கொல்லப்பட்டான், எருசலேம் தப்பியது. ஆனால் யூதா அன்றிலிருந்து அசீரியாவின் அடிமை நாடு. ஏசாயா சொன்னபடி ஆகாஸ் சும்மா இருந்திருந்தாலும் அசீரியா எப்படியும் அந்த இரண்டு பேரையும் நசுக்கித்தான் இருக்கும், அவர்கள் ஏற்கெனவே அதன் கண்ணில் பட்டவர்கள். ஏசாயாவின் ஆலோசனை கனவுலகில் இருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அரண்மனையில் இருந்த மற்றவர்களைவிட அவர் நிலைமையைச் சரியாகவே பார்த்திருந்தார், பயம் இல்லாததால் பார்க்க முடிந்தது.

ஒரு தலைமுறை கழித்து, கி.மு. 701. ஆகாஸின் மகன் எசேக்கியா அசீரியாவுக்கு எதிராகக் கலகம் செய்கிறான், அசீரிய அரசன் சனகெரிப் பெரும் படையோடு வருகிறான். எசேக்கியா சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நகருக்கு வெளியே இருந்த ஊற்றுநீரை உள்ளே கொண்டுவர அவன் வெட்டியதாகச் சொல்லப்படும் சுரங்கம் 533 மீட்டர் நீளம், இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்த ஆட்கள் நடுவில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் கண்டெடுக்கப்பட்டது, சுரங்கத்தில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. ஏசாயா சுரங்கத்தைக் குறை சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள், ஆனால் 22-ஆம் அதிகாரத்தில் அவர் பேசுவது கடுமையாகவே இருக்கிறது: ஆயுதசாலையை நோக்கினீர்கள், மதிலை அரணிப்பாக்க எருசலேமின் வீடுகளை இடித்தீர்கள், தண்ணீரைச் சேர்த்தீர்கள், இதைச் செய்தவரை நோக்கவில்லை. மதிலைக் கட்டாதே என்று அவர் சொல்லவில்லை. மதில் கட்டுவதற்காக எத்தனை வீடு இடிந்தது என்று எண்ணுகிறார், அதைக் கட்டும்போது யாரை மறந்தீர்கள் என்று கேட்கிறார். அதைவிடக் கடுமையாக அவர் எதிர்த்தது எகிப்தோடு செய்த கூட்டணியை: எகிப்தியர் தெய்வம் அல்ல, மனுஷர்தானே, அவர்கள் குதிரைகள் மாம்சமேயன்றி ஆவியல்ல.

இங்கேதான் வேதத்தின் கதைசொல்லும் திறமையைக் கவனிக்க வேண்டும். சனகெரிப்பின் தளபதி ரப்சாக்கே எருசலேமுக்கு வந்து நிற்கும் இடம் எது தெரியுமா? அதே மேல்குளத்து வாய்க்கால், அதே வண்ணார்துறை வழி. தகப்பன் நம்ப மறுத்த இடத்தில், அவன் உதவிக்கு அழைத்த அசீரியாவே இப்போது முற்றுகையிட வந்து நிற்கிறது. ரப்சாக்கே யூதர் பாஷையிலேயே, மதில்மேல் இருக்கும் சாதாரண ஜனங்களுக்கும் கேட்கும்படி கத்துகிறான். எகிப்து நெரிந்த நாணற்கோல், ஊன்றினால் கையைக் குத்தும் என்கிறான், இது ஏசாயாவே சொல்லக்கூடிய வார்த்தை. பிறகு ஒரு சவால்: நான் உனக்கு 2,000 குதிரை தருகிறேன், அவற்றின்மேல் ஏற உன்னால் ஆட்களைத் தர முடியுமா? யூதாவின் நிலைமை அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததை வேதமும் அசீரியாவும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கின்றன. சனகெரிப் களிமண்ணில் எழுதி வைத்த பதிவு சொல்வது: 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரைக் கொண்டுபோனேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல எருசலேமில் அடைத்தேன். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. நினிவேயின் அரண்மனைச் சுவரில் அவன் பெருமையாகச் செதுக்கி வைத்தது லாகீஸ் பட்டணத்தின் வீழ்ச்சியை, அது இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் நாடுகடத்தப்படுவதைப் பார்த்தால் மனசு கனக்கும். 2 இராஜாக்களும் எதையும் மறைக்கவில்லை, எசேக்கியா 300 தாலந்து (பெரிய எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டினான், ஆலயக் கதவுகளின் பொன்தகட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்தான் என்கிறது. சனகெரிப்பின் கடிதம் வந்தபோது அதை ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்து ஜெபித்தான் என்றும், ஓர் இரவில் கர்த்தருடைய தூதன் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்றும் சொல்கிறது. நகரம் தப்பியது. ஆனால் தேசத்தின் பெரும்பகுதி அழிந்து போயிருந்தது. விசுவாசத்தின் மாபெரும் வெற்றி என்று பிரசங்கிக்கும்போது லாகீஸ் குடும்பங்களையும் சேர்த்து நினைக்க வேண்டும், ஏசாயாவின் முதல் அதிகாரம் அப்படித்தான் நினைக்கிறது: சீயோன் குமாரத்தி திராட்சத்தோட்டத்திலுள்ள ஒரு குடிசையைப்போல மீந்திருக்கிறாள்.

எருசலேம் தப்பியது என்ற அந்த நினைவே அடுத்த நூற்றாண்டில் விஷமாக மாறியது. அசீரியா போய் பாபிலோன் வந்தது. கி.மு. 597-இல் ஒரு அரசனும் பிரபுக்களும் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்போதும் ஜனங்கள், இது கர்த்தரின் ஆலயம், இந்த நகரம் விழாது, 701-இல் விழவில்லையே என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 597-க்குச் சில வருடங்கள் முன்பே எரேமியா என்ற தீர்க்கதரிசி ஆலய வாசலில் நின்று, கர்த்தரின் ஆலயம் கர்த்தரின் ஆலயம் என்று சொல்லும் பொய்வார்த்தைகளை நம்பாதிருங்கள், பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்காதிருங்கள், சீலோவுக்கு நான் செய்ததைப் போய்ப் பாருங்கள் என்றார். சீலோ, அந்த உடன்படிக்கைப் பெட்டி இருந்த இடம். அப்புறம் கழுத்தில் மரநுகத்தைப் போட்டுக்கொண்டு, பாபிலோன் ராஜாவுக்கு அடங்குங்கள், பிழைப்பீர்கள் என்று ஊர் முழுக்கச் சொன்னார். அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எல்லோருக்கும் முன்பாக அந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் உடையும் என்றார். நுகத்தை உடைக்குமுன் அனனியா இதையே பேசியபோது எரேமியா முதலில் சொன்னது, ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்பது. தான் சொன்னது நடக்கக் கூடாது என்று விரும்பிய மனிதர் அவர்.

அனனியா பேசியதும் ஏசாயா பேசியதும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். கடவுள் காப்பார், பயப்படாதே. பேசுகிற பொருளும் ஒன்று, நகரமும் ஒன்று, ஆலயமும் ஒன்று. நூறு வருஷத்துக்கு முன் அது கடவுளின் வார்த்தை, இப்போது பொய். வித்தியாசம் எங்கே என்று கேட்டால் எரேமியா 34-ஐப் படியுங்கள். பாபிலோன் படை சூழ்ந்து நிற்கும்போது, அரசன் சிதேக்கியா தலைமையில் எருசலேமின் பிரபுக்கள் ஒரு உடன்படிக்கை செய்கிறார்கள்: எபிரெய அடிமைகள் எல்லோரையும் விடுதலை செய்வோம் என்று. ஏழாம் வருஷத்தில் விடுவிக்க வேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொன்னதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்யாமல் விட்டிருந்தார்கள், உயிர் போகும் நிலையில் செய்தார்கள். பிறகு எகிப்திலிருந்து பார்வோனின் படை புறப்பட்டு வருகிறது என்று கேள்விப்பட்டு பாபிலோன் படை முற்றுகையை விலக்கிக்கொண்டது. உடனே அந்தப் பிரபுக்கள் என்ன செய்தார்கள்? விடுவித்த அடிமைகளைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கிக்கொண்டார்கள். எரேமியா சொன்னார்: நீங்கள் சகோதரனுக்கு விடுதலை கூறவில்லை, ஆகையால் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் நான் விடுதலை கூறுகிறேன். எகிப்தின் குதிரைகள் வருகின்றன என்ற செய்தி மட்டுமே போதுமாயிருந்தது, கடவுளுக்குக் கொடுத்த வாக்கும் போனது, அடிமைகளின் சுதந்தரமும் போனது. படைபலத்தை நம்புவது என்றால் என்ன என்பதற்கு முழு வேதத்திலும் இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

எரேமியாவை எதிரிப் பக்கம் ஓடுகிறவன் என்று பிடித்து அடித்தார்கள், யுத்தவீரரின் கைகளைத் தளரப்பண்ணுகிறான் என்று சொல்லிச் சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக் கந்தைத் துணிகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தூக்கியெடுத்தார். சிதேக்கியா இரகசியமாக அழைத்துக் கேட்டபோதும் எரேமியா அதையேதான் சொன்னார்: சரணடை, நகரம் எரியாது, உன் வீடும் பிழைக்கும். சிதேக்கியாவுக்குப் பாபிலோனியர்மேல்கூட அவ்வளவு பயம் இல்லை, ஏற்கெனவே அந்தப் பக்கம் போன யூதர் தன்னைப் பரியாசம் பண்ணுவார்கள் என்று பயந்தான். கி.மு. 587 அல்லது 586-இல் நகரம் எரிந்தது, அவன் கண்ணெதிரே அவன் பிள்ளைகளைக் கொன்றுவிட்டு அவன் கண்களைப் பிடுங்கினார்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, கேள்வியின் கடினமான பக்கத்தையும் தொடாமல் போக முடியாது. 1 சாமுவேல் 15-இல் பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற புகழ்பெற்ற வாக்கியம் வருவது, அமலேக்கியரைக் குழந்தைகள் உட்பட முழுக்க அழிக்கச் சொன்ன கட்டளையை சவுல் அரைகுறையாகச் செய்தான் என்பதற்காக. இப்படிப் போரில் ஒரு ஊரையே தெய்வத்துக்கென்று அழித்துவிடுவது இஸ்ரவேலுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை, மோவாபிய அரசன் மேசா தன் கல்வெட்டில் நேபோ என்ற இஸ்ரவேலர் ஊரைத் தன் தெய்வம் காமோஷுக்கென்று அப்படியே அழித்ததாகப் பெருமைப்படுகிறான். இது சூழலை விளக்கும், சுமையைக் குறைக்காது. இதை நியாயப்படுத்த எழுதப்படும் விளக்கங்கள் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை. எனக்குத் தெரிந்தது, இதே வேதத்தில் வேறு குரலும் இருக்கிறது என்பது. 2 இராஜாக்கள் 6-இல் தீர்க்கதரிசி எலிசாவைப் பிடிக்க வந்த சிரியப் படை கையில் சிக்கியபோது, வெட்டட்டுமா என்று அரசன் ஆசையாகக் கேட்கிறான். எலிசா, வெட்டவேண்டாம், அப்பமும் தண்ணீரும் வை என்கிறார். பெரிய விருந்து வைத்து அனுப்பினார்கள், அந்தக் கொள்ளைக் கூட்டங்கள் அதன்பிறகு வரவில்லை. கர்த்தருக்காக வைராக்கியம் என்று சொல்லிக்கொண்டு வாளைத் தூக்குகிறவர்கள் எலிசாவின் கதையை ஏன் எடுப்பதே இல்லை என்று கேட்கலாம்.

கீழ்ப்படிந்தால் நஷ்டமே வராது என்றும் வேதம் சொல்லவில்லை. யூதாவின் அரசன் அமத்சியா 100 தாலந்து வெள்ளி கொடுத்து வடக்கிலிருந்து ஒரு லட்சம் பேரைக் கூலிக்குப் பிடித்தான். ஒரு தேவனுடைய மனுஷன் வந்து, அவர்களை அனுப்பிவிடு என்றார். அமத்சியா கேட்ட முதல் கேள்வி, நான் கொடுத்த 100 தாலந்து என்ன ஆவது என்பது. அதைப்பார்க்கிலும் அதிகமாய்க் கர்த்தர் தரக்கூடும் என்று பதில் வந்தது, அனுப்பிவிட்டான், போரில் ஜெயித்தும் விட்டான். ஆனால் அனுப்பப்பட்ட அந்தக் கூலிப்படை கோபத்தில் போகிற வழியில் யூதாவின் பட்டணங்களைக் கொள்ளையடித்து 3,000 பேரைக் கொன்றது. சரியான முடிவு எடுத்ததால் வந்த நஷ்டம் அது. 2 நாளாகமம் 25 அதை மழுப்பாமல் எழுதி வைத்திருக்கிறது.

யூதர்கள் இந்த நூல்களை எப்படி வாசித்தார்கள் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ஹனுக்கா பண்டிகை மக்கபேயர் கிரேக்க ஆட்சியாளர்களிடமிருந்து ஆலயத்தை மீட்டதை நினைவுகூர்வது, சந்தேகமில்லாமல் ஒரு போர்வெற்றி. அந்தப் பண்டிகையின் ஓய்வுநாளில் ஜெபஆலயங்களில் வாசிக்கும் தீர்க்கதரிசனப் பகுதியாக ரபிகள் தேர்ந்தெடுத்தது சகரியா 4-ஐ உள்ளடக்கிய பகுதி: பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என்னுடைய ஆவியினாலேயே ஆகும்.

எருசலேம் விழுந்த பிறகு மிஞ்சிய ஜனங்களின் தலைவர்கள் எரேமியாவிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கர்த்தரிடம் கேளும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்றார்கள். பத்து நாள் கழித்து அவர் பதில் கொண்டுவந்தார்: இந்தத் தேசத்திலேயே இருங்கள், பாபிலோன் ராஜாவுக்குப் பயப்படாதிருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். யுத்தத்தைக் காணாமல், எக்காள சத்தத்தைக் கேட்காமல் இருக்க எகிப்துதான் பாதுகாப்பான இடம் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். நீ பொய் சொல்லுகிறாய் என்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எரேமியாவையும் அவருடைய எழுத்தர் பாருக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, எகிப்தின் தக்பானேஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.